விதை மீது பழி போடும் முன்: மண்ணில்லா வளர்ப்பில் தக்காளி முளைப்பு

நூறு குழி உள்ள தட்டில் அறுபதுதான் முளைத்திருக்கிறது என்றால் முதலில் வரும் பேச்சு, "விதை சரியில்லை" என்பதே. சில நேரம் அது உண்மைதான். ஆனால் பசுமைக்குடில்களில் முளைப்பு கெடுவதற்குப் பெரும்பாலும் விதையைவிட அது உட்கார்ந்திருக்கும் ஊடகமே (மண்ணுக்குப் பதிலாக வேரைத் தாங்கும் பாறை இழைக் கட்டியோ தென்னைநார்க் கழிவோ) காரணம். குளிர்ந்த, காற்றில்லாத, நீர் தேங்கிய ஒரு சிறு கட்டிக்குள் எவ்வளவு விலை உயர்ந்த விதையும் மூச்சுத் திணறித்தான் போகும்.

வழக்கைத் தீர்க்க எளிய வழி உண்டு. அதே பொட்டலத்திலிருந்து 50 விதைகளை எடுத்து, ஈரக் காகிதத்தின் மேல் பரப்பி, மூடிய டப்பாவில் 25 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஐந்தாம் நாள் ஒரு முறை, 14ஆம் நாள் ஒரு முறை எண்ணுங்கள். விதைப் பரிசோதனைக் கூடங்களும் தக்காளிக்கு இதே நாள்களில்தான் எண்ணுகின்றன. டப்பாவில் 46 முளைத்து, தட்டில் மட்டும் பாதி முளைத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

நீரில் போட்டு மிதப்பதைக் கழித்துக் கட்டும் பழக்கத்தைத் தக்காளிக்குக் கொண்டுவர வேண்டாம். தக்காளி விதையின் மேல் மெல்லிய ரோமம் உண்டு. அதில் காற்று சிக்கிக்கொள்வதால் நல்ல விதையும் மிதக்கும். ஊறவைத்து உப்பியதைப் பார்த்து மகிழ்வதும் வீண். நீரை உறிஞ்சுவது வெறும் இயற்பியல், செத்த விதையும் உப்பும். இரவு முழுக்க நீருக்குள் கிடந்தால் உயிருள்ள விதைக்கு ஆக்சிஜன் குறைகிறது என்பதுதான் அதில் மிச்சம்.

அடுத்தது வெப்பம். 25 முதல் 30 டிகிரியில் சுமார் 6 நாளில் முளை தலைகாட்டும். 20 டிகிரியில் 8 நாள், 15 டிகிரியில் இரண்டு வாரம், 10 டிகிரியில் நாற்பது நாளுக்கு மேல். 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு விகிதமே சரியும். இந்த எண்கள் எல்லாம் ஊடகத்தின் வெப்பம்; அறையின் வெப்பம் அல்ல. ஈரமான கட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது அது குளிரும். அறை 24 காட்டும் வேளையில் கட்டியின் நடுவே 21 இருப்பது சாதாரணம். முள் போன்ற வெப்பமானியைக் கட்டிக்குள் குத்திப் பார்க்காமல் 25இல் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. தட்டை மூடி ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் வைத்தால் இந்த வித்தியாசம் பெருமளவு குறையும். மூடிய தட்டை மட்டும் நேரடி வெயிலில் வைத்துவிடாதீர்கள், அரை மணியில் வெந்துவிடும்.

இனி தண்ணீர். அதிகம் கெடுவது இங்கேதான்.

ராக்வூல் கட்டி, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த கட்டி, புதிதாக வரும்போது காரத்தன்மையோடு இருக்கும். பி.எச். 5.5க்குச் சரிசெய்த நீரில் முழுக்க ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னும் நல்லது என்று அமிலத்தைக் கூட்டி 5க்குக் கீழே கொண்டுபோனால் இழைகளே சிதையத் தொடங்கும். ஊறிய கட்டியைக் கையால் பிழியவே கூடாது. இழைகளின் இடைவெளி ஒரு முறை நசுங்கினால் மீண்டும் திறக்காது. வேருக்குக் காற்று போகும் வழி அதோடு அடைபடும்.

பிழியாமல் நீரைக் குறைப்பது எப்படி? எந்தச் சிறு கட்டியிலும் அடியில் ஒரு படலம் நீர் வடியாமல் நின்றுவிடும். அதன் உயரம் கட்டியின் அளவைப் பொறுத்ததல்ல, ஊடகத்தின் நுண்துளைகளைப் பொறுத்தது. அதனால்தான் குட்டையான கட்டியில் ஈரத்தின் பங்கு அதிகம், காற்றின் பங்கு குறைவு. தட்டை ஒரு மூலை கீழே இருக்குமாறு சில நிமிடம் சாய்த்துப் பிடித்தால் நீர்த்தூணின் உயரம் கூடி, தேங்கியதில் ஒரு பகுதி இறங்கிவிடும். செலவில்லாத இந்த வேலையைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை. அடித்தட்டில் நீரை நிறுத்தி வைப்பதோ நேர்மாறான காரியம்.

தென்னைநார்க் கழிவில் சிக்கல் வேறு. சரியாகக் கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் இருக்கும். நல்ல நீரில் பிசைந்து வடித்து, வடிநீரின் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm அலகில்) 0.5க்குக் கீழே வரும்வரை அலசுங்கள். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். இந்த இரண்டாம் படியை விட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை வேருக்கு விடும்.

வித்திலை விரியும்வரை விதையில் இருக்கும் சேமிப்பே போதும். ஆனால் ராக்வூலில் ஊட்டம் எதுவும் கிடையாது என்பதால், ஊறவைக்கும் நீரிலேயே ஈ.சி. 1.0 அளவுக்கு மெல்லிய உரக்கரைசல் சேர்ப்பது நல்ல பழக்கம். பெரிய செடிக்குத் தரும் 2.5ஐ இங்கே ஊற்றினால் அதிலுள்ள உப்பு, நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விதை உறிஞ்சத் தடுமாறும்.

ஒரு குழிக்கு ஒரு விதை, ஆழம் 5 மில்லிமீட்டர், மேலே மெல்லிய வெர்மிகுலைட் (சூட்டில் உப்பவைத்த கனிமத் துகள்) போர்வை. போர்வை ஈரத்துக்கு மட்டுமல்ல. முளை மேலே ஏறும்போது அந்த உரசலில்தான் விதைத்தோல் கழன்று விழுகிறது. போர்வை இல்லாமலோ காற்று வறண்டோ இருந்தால் தோல் தொப்பி மாதிரி வித்திலையில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வந்ததை உலர்ந்த நிலையில் பிய்த்தால் வித்திலையும் சேர்ந்து கிழியும். ஒரு சொட்டு நீர் விட்டுச் சில நிமிடம் கழித்து மெதுவாக உருவுங்கள்.

முளைக்க இருட்டு போதும். ஆனால் முதல் சில முளைகள் வளைந்த கழுத்தைக் காட்டியதுமே தட்டு வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும். "எல்லாம் வரட்டும், நாளைக்கு எடுப்போம்" என்றால் முந்தி வந்தவை ஒரே இரவில் நூலாக நீண்டுவிடும், அதைத் திருப்பிச் சுருக்க முடியாது. விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் நாளுக்கு 16 மணி நேரம் கொடுத்தால் போதும். 24 மணி நேரமும் எரியவிட்டால் தக்காளி வேகமாக வளராது. இலை வெளுத்துப் புள்ளி விழும். முளைத்தபின் வெப்பத்தைப் பகலில் 20 முதல் 22, இரவில் 18 எனக் குறையுங்கள். இலையின் அடிப்பக்கம் ஊதாவாகத் தெரிந்தால் பாஸ்பரஸைக் கூட்டும் முன் வேர்ப்பகுதி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். குளிர்ந்தால், ஊடகத்தில் இருக்கும் பாஸ்பரஸையே வேரால் எடுக்க முடியாது.

நாற்றழுகல் தட்டின் கதையை இரண்டு நாளில் முடித்துவிடும். தண்டு ஊடகத்தைத் தொடும் இடத்தில் நீர்க்கோத்து, நூலாகச் சுருங்கி, நாற்று சாயும். காரணம் பித்தியம் (பூஞ்சை போன்ற ஒரு நோய்க்கிருமி) என்றால் அதன் வித்துகள் நீரிலேயே நீந்திப் போகும். நீர் சுழலும் அமைப்பில் ஒரு மூலையில் தொடங்கியது மறுமூலைக்குப் போக நேரமாகாது. சாய்ந்த நாற்றையும் சுற்றியுள்ள குழிகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டின் வடிநீரைத் திரும்பத் தொட்டிக்கு விடாதீர்கள். பழைய தட்டுகளை முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநீக்கியில் முக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ஹைப்போகுளோரைட் (குளோரின் வகைக் கிருமிநீக்கி) அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

சொந்தமாக எடுத்த விதை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பாக்டீரியா நோய்களுக்கு 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் என்பது அறிந்த முறை; வெப்பம் இரண்டு டிகிரி ஏறினாலும் முளைப்புத்திறன் அடிபடும். பழைய விதைக்கும், முலாம் பூசிய விதைக்கும், சீக்கிரம் முளைக்க முன்கூட்டியே ஊறவைத்து உலர்த்தி வந்த விதைக்கும் இது கூடாது. புகையிலை மொசைக் இன வைரஸ்களுக்கு வெந்நீர் போதாது. டிரைசோடியம் பாஸ்பேட் 10 சதவீதக் கரைசலில் குறைந்தது 15 நிமிடம் வைத்து நன்றாக அலசுவார்கள். 2014இல் இஸ்ரேலில் தென்பட்டுப் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய பழுப்புச் சுருக்கப் பழ வைரஸும் இதே இனம்தான். விதைத்தோலில் ஒட்டி வரும் அது கையாலும் கத்தியாலும் செடிக்குச் செடி தொற்றும். பழைய மொசைக் நோய்களைத் தாங்கும் இரகங்களையும் அது விடுவதில்லை.

விதைத்த 12 முதல் 15 நாளில், கட்டியின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்போது பெரிய கட்டிக்கு மாற்றுங்கள். பிடிக்கவேண்டியது கட்டியை, இல்லையென்றால் வித்திலையை, தண்டை அல்ல. பெரிய கட்டி ஈ.சி. 2.0 முதல் 2.5 கரைசலில் முந்தைய நாளே ஊறி, அறையின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். சிறு கட்டியின் அடி பெரியதைத் தொடாமல் தொங்கினால் வேர் காற்றில் காய்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள், வேர் கீழே இறங்கும்வரை, அடியிலிருந்து நீர் ஏற்றுவதை நம்பாமல் இரண்டு கட்டிகளும் சேரும் இடத்தில் மேலிருந்தே சிறிது விடுங்கள்.