அயோடினைக் கரைக்காமல் மின்முனை செய்வது எப்படி?

"துத்தநாக-அயோடின் பேட்டரி தீப்பிடிக்காதாமே, விலையும் குறைவாமே, அப்புறம் ஏன் கடையில் கிடைக்கவில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வேதியியல் ரொம்ப நாளாகத் தயார்தான். அதைத் தடிமனான மின்முனையாகச் செய்யப் போகும்போதுதான் இடிக்கிறது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் கார்பனின் நுண்துளைகளுக்குள் அயோடின், நடுவில் துத்தநாக உப்பு கரைந்த தண்ணீர். மின்சாரம் எடுக்கும்போது துத்தநாகம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது, அயோடின் அவற்றை வாங்கிக்கொண்டு அயோடைடாகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் தலைகீழ். சுமார் 1.3 வோல்ட் கிடைக்கும். உள்ளே இருப்பது தண்ணீர் என்பதால் பற்றி எரியாது. காருக்கு இது கனம். இன்வெர்ட்டர், சூரிய மின்நிலையம் என்று ஒரே இடத்தில் கிடப்பவற்றுக்குப் போதும்.

சரி, தடிமன் எதற்கு? மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் தகடு, இடையில் வைக்கும் தடுப்புத் தாள், மேலுறை எதுவும் ஆற்றலைச் சேமிப்பதில்லை. மேலே பூசிய அயோடின் மெல்லியதாக இருந்தால், காசு கொடுத்து வாங்குவதில் பாதிக்கு மேல் உறைதான். ஆய்வுக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் பூசி, பொத்தான் அளவு பேட்டரியில் போட்டு, "ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றினோம்" என்று அறிவிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

வழக்கமான முறையில், பொடிகளை ஒரு பிசினோடு திரவத்தில் குழைத்துத் தகட்டில் பூசிக் காயவைப்பார்கள். திரவம் மேல்பக்கமாக ஆவியாகும்போது பிசினையும் மேலே இழுத்துக்கொண்டு போகும், அடியில் ஒட்டுதல் குறையும். துளைகளில் மிச்சமிருக்கும் திரவம் துகள்களை நெருக்கி இழுப்பதால், ஓர் அளவைத் தாண்டிய தடிமனில் பூச்சு வெடித்துவிடும். அயோடினுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை. பள்ளி ஆய்வகத்தில் அயோடினைச் சூடாக்கி ஊதா ஆவி பார்த்திருப்பீர்கள். காயவைக்கும் அடுப்பிலும் அதேதான் நடக்கும். நிறுத்துப் போட்ட சரக்கில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

அப்படியானால் திரவமே வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். ஆனால் உலர்ந்த பொடியை எது பிடித்து வைக்கும்? டெஃப்லான்! தோசைக்கல்லில் எதுவும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறோமே, அதே டெஃப்லான் இங்கே ஒட்டும் வேலை பார்க்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1938-இல் டுபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இது. நீளமான கார்பன் சங்கிலி, அதைச் சுற்றிலும் ஃபுளோரின் அணுக்கள். சங்கிலி வழவழவென்று இருப்பதால் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வதே இல்லை. உருக்காத டெஃப்லான் பொடியின் ஒவ்வொரு நுண்துகளிலும் இச்சங்கிலிகள் சிக்கில்லாமல் மடிந்து கிடக்கின்றன. அந்தத் துகள் இரண்டு கார்பன் துகள்களுக்கு நடுவில் மாட்டி, அவை எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால், தக்கிளியில் பஞ்சு நூலாக இழுபடுகிற மாதிரி அதிலிருந்து மெல்லிய இழை இழுபட்டு வருகிறது. அரைக்க அரைக்க இழைகள் பெருகி வலையாகி, பொடி முழுவதையும் கோத்துவிடும். பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டால், கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய தகடாக வெளியே வரும். டெஃப்லான் தேவைப்படுவது எடையில் சில சதவீதம்தான். கரைந்த பிசின் துகளின் மேல் படலமாகப் படிந்து துளைகளை அடைக்கும்; இழை அங்கங்கே தொட்டுக்கொண்டு போகிறது, அவ்வளவே.

இதில் வெப்பநிலையும் விளையாடுகிறது. 19 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சங்கிலிகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தாண்டினால் படிக அமைப்பு மாறி வழுக்க ஆரம்பிக்கும். அதனால் பொடியைச் சலிக்கும்போதும் எடுத்துப் போகும்போதும் குளிர்வித்தே வைப்பார்கள், இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே நார் விட்டுக் கட்டி கட்டியாகிவிடும். நம்மூர் வெயிலில் ஏசி இல்லாமல் இதைத் தொடவே முடியாது.

அதிமின்தேக்கிகளுக்காக (சூப்பர் கெப்பாசிட்டர்) இந்த உலர்முறையில் தேர்ந்திருந்த மேக்ஸ்வெல் நிறுவனத்தை டெஸ்லா 2019-இல் வாங்கியது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனையில் டெஃப்லான் வேதிவினைக்கு ஆளாகிச் சிதையும், அது அங்கே தலைவலி. அயோடின் முனையில் அந்தப் பிரச்சினை கிடையாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ஷிசாங் சியாவ் குழு இந்த உலர்முறையில் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிகிராம் வரை செயல்படுபொருளை (ஆற்றலைச் சேமிக்கும் பொருளை) ஏற்றிக்காட்டி, 2025-இல் வெளியிட்டது. உறை வடிவ பேட்டரி 750 சுற்றுகளுக்குப் பிறகும் 88.6 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைத்தது. தகடு நெருக்கமாக இருப்பது இன்னொரு வகையிலும் உதவுகிறது. அயோடின் தனியாகத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆனால் அயோடைடோடு சேர்ந்தால் பழுப்பு நிறப் பாலிஅயோடைடாகக் கரைந்து துத்தநாகம் வரை போய் அதை அரிக்கும், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். இறுகிய தகட்டிலிருந்து அது கசிவது குறைவு. துத்தநாகப் பக்கம் ஊசி ஊசியாக வளர்ந்து ஷார்ட் ஆகாமலிருக்க, டிரைஆக்ஸேன் என்ற பொருளைக் கொஞ்சம் தண்ணீரில் சேர்த்தார்கள். சார்ஜ் ஏறும்போது அது துத்தநாகத்தின் மேல் வளையும் படலமாகிவிடுகிறது.

இதில் புதிய தனிமம் எதுவும் இல்லை பாருங்கள், பொடியைக் கலக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. என்னைக் கேட்டால், ஆராய்ச்சிப் பணத்தில் பெரிய பங்கு இந்த மாதிரி "அழுக்கு வேலை"க்குப் போக வேண்டும். "அதிசயப் பொருள்" என்றால் திறக்கிற பெட்டி, "உருளையின் இடைவெளியைச் சீராக்குகிறேன்" என்றால் திறப்பதில்லை.

குறைகளும் உண்டு. டெஃப்லானுக்குத் தண்ணீர் பிடிக்காது, ஆகவே தடித்த தகட்டின் உள்வரை உப்புநீர் ஊறுவது மெதுவாகும். அயனிகள் போக வேண்டிய தூரமும் அதிகம் என்பதால் அவசரமாக சார்ஜ் ஏற்ற முடியாது. அதோடு டெஃப்லான், எளிதில் மக்காத ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் முழுவதற்குமே கட்டுப்பாடு கொண்டுவர ஐரோப்பாவில் 2023-இல் முன்மொழிந்தாயிற்று, அதனால் இதேபோல இழை விடும் ஃபுளோரின் இல்லாத பாலிமருக்கான தேடல் இப்போது மும்முரமாக நடக்கிறது.