இரு குரல்கள் ஒரே குரலாக ஒலிப்பது எப்படி?

நவோமி ஜட், அவருடைய மகள் வைனோனா ஜட் ஆகிய இருவரும் இணைந்து பாடி 1984 இல் வெளிவந்த ‘ஒய் நாட் மீ’ என்னும் இசைத்தொகுப்பு, அமெரிக்கக் கிராமிய மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் தொகுப்புகளுக்கான தரவரிசையில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்த இந்தத் தாயும் மகளும் சேர்ந்து பாடியதைக் கேட்கும்போது, சில இடங்களில் இரண்டு குரல்களையும் பிரித்தறிவதே கடினமாகிறது. குடும்பத்தார் பாடும்போது வாய்க்கும் இந்த இழைவைக் கன்ட்ரி இசை உலகம் இரத்த உறவின் கொடையாகப் போற்றுகிறது. ஆனால் இதன் பெரும்பகுதியை இயற்பியலே விளக்கிவிடுகிறது.

மனிதக் குரலில் எழும் எந்தச் சுரமும் ஒற்றை அதிர்வெண் அன்று. ஒருவர் 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வுகளில், பாடினால், 440, 660, 880, 1100 என அதன் மடங்குகளும் மேற்சுரங்களாக உடன் ஒலிக்கின்றன. அதை ஷட்ஜமாக (‘ஸ’) வைத்து, துணைக்குரல் அதற்கு மேலுள்ள காந்தாரத்தை (‘க’) பிடிப்பதாகக் கொள்வோம். பியானோவின் சுருதி முறைப்படி அந்தக் காந்தாரம் ஏறத்தாழ 277.2 ஹெர்ட்ஸ், அதன் நான்காம் மடங்கு ஏறத்தாழ 1109. இது முதற்குரலின் 1100 உடன் கலக்கும்போது, ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது முறை வலுத்தும் தேய்ந்தும் கேட்கும்; இதுவே விம்மல். துணைக்குரல் சற்றே இறங்கி 275 ஹெர்ட்ஸில் நின்றால், அதன் நான்காம் மடங்கும் மிகச்சரியாக 1100 ஆகிவிடுவதால் விம்மல் மறைந்து, இரு குரல்களும் பூட்டிக்கொள்கின்றன. 5:4 என்னும் இந்த விகிதம்தான், நன்கு சுருதி சேர்த்த தம்பூராவின் ஷட்ஜத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம். இரண்டு ஹெர்ட்ஸ் வேறுபாட்டை எந்தப் பாடகரும் கணக்கிட்டுப் பாடுவதில்லை. விம்மல் அடங்கும் இடத்தைப் பழகிய காது தேடிப்பிடிக்கிறது.

சுருதி சேர்ந்தால் மட்டும் போதாது. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் அறைகள் சில அதிர்வெண்களை வலுப்படுத்தி, பிறவற்றை அடக்குகின்றன. நாக்கும் உதடும் அசையும்போது அந்த வலுவான பகுதிகள் இடம் மாறுவதால்தான் ‘ஆ’வும் ‘ஈ’யும் வேறுபடுகின்றன. இருவர் ஒரே உயிரொலியைச் சற்று வெவ்வேறாக உச்சரித்தால், சுருதி பிசகாவிட்டாலும் காது அவர்களை இருவராகவே கேட்கும். நெருங்கிய உறவினருக்கு இந்த அறைகளின் வடிவம் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்பது உண்மையே. எனினும், ஒரே வீட்டில் ஒரே வட்டார உச்சரிப்பைப் பேசி வளர்வதும், எந்தச் சொல்லை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பல ஆண்டுகள் சேர்ந்து பாடிப் பழகுவதும் இரத்தத்தைவிட முக்கியமானவை என்றே கருதுகிறேன்.

இதற்கு வலுவான சான்று, 2007 இல் வெளிவந்த ‘ரெய்சிங் சாண்ட்’ என்னும் இசைத்தொகுப்பு. அதில் இணைந்து பாடிய அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸும் ஆங்கிலேய ராக் பாடகரான ராபர்ட் பிளான்ட்டும் உறவினர் அல்லர். பிறந்த நாடும் பயின்ற இசையும் வேறு. அத்தொகுப்பு 2009 இல், ‘ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு’ என்னும் பிரிவில் அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதைப் பெற்றது. ராக் மேடையில் உச்சக் குரலுக்குப் பெயர்பெற்ற பிளான்ட் இதில் குரலைத் தாழ்த்தி, மென்மையாகப் பாடுகிறார். குரலை அழுத்தும்போது உயர் மேற்சுரங்கள் வலுத்து ஒவ்வொருவரின் தனித்தன்மையும் முன்னே வரும். மென்மையாகப் பாடும்போது அவை தணிவதால், இன்னொரு குரலோடு கலப்பது எளிதாகிறது.