இர்ரேடியன்ஸ்: தமிழில் 'படுகதிர் அடர்த்தி'

ஒரு பரப்பின் மேல் வந்து விழும் கதிர்வீச்சுத் திறன், சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்ற கணக்குதான் 'இர்ரேடியன்ஸ்'. சோலார் பேனலின் திறனைக் குறிக்கும்போது அடிப்படையாகக் கொள்ளும் 'சதுர மீட்டருக்கு 1000 வாட்' வெயிலும் இந்தக் கணக்கில் சொல்வதுதான்.

லத்தீனில் 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கதிருக்கும் அதுவே பெயர். ரேடியம், ரேடியோ எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. 'மேல்' என்று பொருள்படும் 'இன்' முன்னால் சேர்ந்ததும், கதிர் போய் ஒன்றின் மேல் படுவது என்றாகிவிட்டது. மொழிபெயர்ப்பவர்கள் கோட்டை விடுவது இந்த முன்னொட்டில்தான்.

'கதிர்வீச்சு' என்று எழுதினால் போதாது. அது மூலத்திலிருந்து கிளம்புவதைச் சொல்கிறது. 'ஒளிச்செறிவு' கேண்டெலாவில் அளக்கப்படும் வேறொன்று. அதோடு இர்ரேடியன்ஸில் அடங்கும் புற ஊதாவும் அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல. பள்ளி இயற்பியலில் 'படுகதிர்' என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'படுகதிர் அடர்த்தி' என்றால் பொருள் தானே விளங்கும். அலைநீளம் வாரியாக அளந்தால் 'நிறமாலைப் படுகதிர் அடர்த்தி'.

சரி, ஒரு நாட்டின் அளவும் இன்னொரு நாட்டின் அளவும் ஒன்றுதானா? இதைச் சோதிப்பது 'முதன்மை ஒப்பீடு'. 250 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒப்பீடு ஒன்றைப் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒருங்கிணைத்தது. இத்தகைய ஒப்பீடுகளில் ஆய்வகங்களுக்கிடையே பயணிப்பது 1000 வாட் டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு. வழக்கமாக விளக்கிலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்தில் அளப்பார்கள். தூரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விடை சுமார் 0.4 சதவீதம் மாறிவிடும், ஏனென்றால் அடர்த்தி தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பயணத்தில் இழை அதிர்ந்தால் விளக்கின் குணமே மாறலாம். அதனால் அனுப்பிய ஆய்வகம், விளக்கு திரும்பி வந்த பிறகு மறுபடியும் அளந்து பார்க்கும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

இங்கே 'சரியான விடை' எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பங்கேற்றவர்களின் முடிவுகளிலிருந்தே ஒரு மேற்கோள் மதிப்பைக் கணக்கிட்டு, ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகினார்கள், அந்த விலகலின் ஐயப்பாடு எவ்வளவு என்று பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். இந்த விலகலை 'ஒப்புமை அளவு' எனலாம். 1999 அக்டோபரில் பாரிஸில் கையெழுத்தான பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம் இந்த முடிவுகளைத்தான் ஆதாரமாகக் கொள்கிறது. ஒரு நாட்டின் அளவுத்திருத்தச் சான்றிதழ் இன்னொரு நாட்டில் ஏற்கப்படுவதற்கு வழி செய்வதும் அதுவே.