கர்ப்பகால நீரிழிவு: செயலித் திரையில் எந்தச் சொல்?

கர்ப்பிணிகள் தங்கள் சர்க்கரை அளவைக் கவனித்துக்கொள்ள ஒரு கைபேசிச் செயலியைத் தமிழில் வடிவமைக்கிறவர்கள் முதல் திரையிலேயே தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ‘ஜெஸ்டேஷனல் டயபடீஸ் மெலிட்டஸ்’ என்பதற்குத் தமிழில் கர்ப்பகால நீரிழிவு, கர்ப்பகாலச் சர்க்கரை நோய், பேறுகால நீரிழிவு, சூல்கால நீரிழிவு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. மருத்துவமனை வரிசையில் நிற்கும் பெண்ணோ இவை எதையும் சொல்வதில்லை. ‘எனக்கு சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க’ என்பதோடு முடித்துவிடுவார்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். அப்படி ஈடுகட்ட முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதுதான் கர்ப்பகால நீரிழிவு. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். இனிப்பை நிறையத் தின்றதால் வந்தது என்று மாமியார் வீட்டில் பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ஜெஸ்டேஷன்’ என்பதன் லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். ‘பத்து மாதம் சுமந்து பெற்றவள்’ என்று நாம் சொல்வதும் அதே சுமைதான். ‘டயபடீஸ்’ கிரேக்கச் சொல். ஊடே கடந்து செல்வது என்று பொருள். குடித்த நீரெல்லாம் உடலில் தங்காமல் குழாய் வழியே ஓடுவதுபோல வெளியேறிவிடுகிறது என்று ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் அரிட்டேயஸ் என்ற மருத்துவர் விவரித்தார். ‘மெலிட்டஸ்’ என்றால் தேன் போல் இனிப்பானது. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் நோயாளிகளின் சிறுநீர் இனிப்பதை எழுதிவைத்தார். அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று 1776-இல் மேத்யூ டாப்சன் காட்டினார். அதற்கு வெகு காலம் முன்பே நம் பக்கத்து வைத்தியர்கள் இதை மதுமேகம் என்று அழைத்துவிட்டார்கள். மது என்றால் தேன்.

தமிழின் ‘நீரிழிவு’ எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. இழிவு என்றதும் இன்றைக்கு நமக்கு அவமானம் என்ற பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ‘நோயாளியை இழிவுபடுத்தும் சொல்லாயிற்றே, மாற்றக்கூடாதா?’ என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் இழிதல் என்பதன் பழைய பொருள் இறங்குதல், கீழ்நோக்கி ஒழுகுதல். ‘இழுமென இழிதரும் அருவி’ என்று திருமுருகாற்றுப்படையின் முடிவில் பழமுதிர்சோலை அருவி இறங்குவது இந்தப் பொருளில்தான். நீர் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும் நோய் நீரிழிவு. கிரேக்கனும் தமிழனும் ஒரே அறிகுறியைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘சர்க்கரை’ வந்த வழி வேறு. வடமொழி ‘சர்கரா’ முதலில் பொடிக்கல்லைக் குறித்து, பிறகு கற்கண்டுத் துகளைக் குறித்தது. அது பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ‘சுகர்’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது. ஆக, ‘சுகர்’ என்பவரும் ‘சர்க்கரை நோய்’ என்பவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் உலகம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்!

செயலி எழுதுபவர்களைச் சர்க்கரை இன்னொரு வகையிலும் மாட்டிவிடும். சர்க்கரைப் பொங்கலில் இருப்பது வெல்லம். தென் மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர். இலங்கையிலும் அப்படியே, நோய்கூட அங்கே சீனி வியாதி, சீனி வருத்தம். மலேசியத் தமிழர்கள் இனிப்பு நீர் என்பார்கள். இந்த நிலையில் ‘இன்றைய சர்க்கரை எவ்வளவு?’ என்று திரை கேட்டால் ரத்தத்தில் இருப்பதைக் கேட்கிறதா, காபியில் போட்டதைக் கேட்கிறதா? ‘ரத்தச் சர்க்கரை அளவு’ என்று முழுதாக எழுதிவிடுவதே நல்லது.

சரி, நோய்க்கு எந்தப் பெயரை எடுப்பது? பேறுகாலம் பிள்ளை பெறும் நேரத்தை நோக்கிச் சாய்கிற சொல். இந்த நோயோ அதற்கு மாதக்கணக்கில் முன்பே தெரிய வருவது. சூல் அழகான பழந்தமிழ்ச் சொல்தான், ஆனால் சூலகம், சூல்முடி என்று பூவின் பாகங்களைப் படித்தவர்களுக்குத் தாவரவியல் வகுப்புதான் நினைவுக்கு வரும். ‘சர்க்கரை நோய்’ என்றால் வாழ்நாள் நோய் என்ற அச்சம் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆகவே என் தேர்வு ‘கர்ப்பகால நீரிழிவு’. கர்ப்பம் வடமொழிதான், எல்லோருக்கும் புரிகிறதே! தனித்தமிழ் வேண்டுவோர் கருக்கால நீரிழிவு எனலாம். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மாசமாக இருக்கும்போது வரும் சுகர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால் அது கர்ப்பகால நீரிழிவு ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் இரண்டையும் தனித்தனியாகவே வகுத்தது. சிகிச்சையும் மாறும். அதனால் செயலியின் முதல் கேள்வி பெயரோ வயதோ அல்ல, ‘கர்ப்பமாவதற்கு முன்பே உங்களுக்குச் சுகர் இருந்ததா?’ என்பதாக இருக்க வேண்டும்.

அப்புறம் எண்கள். இந்தியாவில் பரவலாக நடக்கும் சோதனை எளிமையானது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. இந்த முறை பரவியதில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பங்கு பெரிது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். தமிழ்நாட்டு அரசு 2007-இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது.

இந்த 140 என்ற எண் பெண்கள் மனதில் அப்படியே பதிந்துவிடுகிறது. வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்க்கும்போது இலக்கு வேறு. வழக்கமாக வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 1 மணி நேரத்தில் 140-க்குள், 2 மணி நேரத்தில் 120-க்குள். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து 132 காட்டினால், ‘140 தாண்டலையே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். எனவே எண்ணைப் பதியும்போதே எந்த நேரத்து எண் என்று கேட்க வேண்டும். அதற்கு ‘உண்ணாநிலை’ என்று பட்டிமன்றத் தமிழ் வேண்டாம், ‘வெறும் வயிற்றில்’ போதும். ‘உணவுக்குப் பின்’ என்பதும் தெளிவில்லை. முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து மணியைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அளவு மில்லிகிராமில் அல்ல, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற வேறோர் அலகில் வரும். நம் 140 அங்கே 7.8. ஒரே தமிழ்ச் செயலியை அங்கும் தருவதென்றால் அலகை மாற்றும் வசதி கட்டாயம்.

எண் கூடினால் ‘அசாதாரணம்!’ என்று சிவப்பில் மின்ன வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ‘இன்று கொஞ்சம் கூடியிருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டு, கிராம் கணக்கில் அல்லாமல் எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு என்று பதியவிட்டால் மருத்துவருக்கும் பயன்படும். எண் தொடர்ந்து கூடினாலோ, இன்சுலின் போடுபவருக்குப் படபடப்பும் வியர்வையும் நடுக்கமுமாகச் சர்க்கரை இறங்கினாலோ, செயலி தானே வைத்தியம் சொல்லக் கூடாது. பிந்தையது அவசரம் என்பதால் அங்கே மட்டும் தயங்காமல் எச்சரிக்கலாம், மருத்துவமனை எண்ணை உடனே காட்டலாம்.

‘கர்ப்பகால’ என்ற அடைமொழியில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. காலம் முடிந்ததும் நோயும் முடிந்தது என்று நினைக்க வைக்கிறது. ஆனால் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது பெரியவர்களிடம் பரவலாகக் காணும் சர்க்கரை நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி 6 வாரத்தில் ஒரு சோதனை, அதன் பிறகும் அவ்வப்போது சோதனை என்பதுதான் மருத்துவ வழிகாட்டல். கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருப்பவருக்கு இது எங்கே நினைவிருக்கும்? பிரசவத் தேதியைப் பதிந்ததும் ‘வாழ்த்துகள்’ சொல்லிச் செயலி ஒதுங்கிவிடக் கூடாது. 6-வது வாரம் அவருக்கு ஒரு செய்தி போக வேண்டும்: ‘குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது உங்கள் சுகரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.’