எரிந்த ரெசிஸ்டர் மேல் பழி போடாதீர்கள்

மாசி பிறந்தால் என் மேசைக்கு வால்வு அம்பிளிபயர்கள், கண்ணாடிக் குழாய் வைத்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள், வரத் தொடங்கிவிடும். மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்காகக் கோயில் சாமான் அறையிலிருந்து இறக்குவார்கள். வருடம் முழுக்க மூடுபனியையும் ஈரத்தையும் குடித்துக் கிடந்த பெட்டிகள். இந்த முறை இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கோயில் தலைவரே தூக்கி வந்தார்.

“தம்பி, மூணு தடவை ஒரே ரெசிஸ்டர் எரிஞ்சிருச்சு. வால்வும் ரெண்டு தடவை மாத்தியாச்சு.”

அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹோர்னை ஓட்டுகிற இ.எல். 34 வால்வின் கதோட்டில் (எலெக்ட்ரான் கிளம்புகிற முனை) ரெசிஸ்டர் இருந்த இடத்தில், முந்தையதைவிட இரண்டு மடங்கு வாட் தாங்குகிற ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். பியூஸ் போகிறதென்று தடித்த கம்பி சுற்றுகிற அதே வைத்தியம்தான். ரெசிஸ்டர் தப்பித்தது, வால்வு செத்தது.

அந்த வால்வைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் கொடுத்து, சொக்கட்டின் ஐந்தாம் காலில் மீட்டரை வைத்தேன். அதுதான் கிரிட், வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற வலை. இந்த வகைச் சுற்றில் அங்கே பூச்சியம் இருக்க வேண்டும். 11 வோல்ட் காட்டியது. வால்வைக் கழற்றியதும் வோல்ட் மறைந்திருந்தால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கிறது என்பேன். மறையவில்லை. அப்படியானால் இதற்கு முன்னால் சுற்றில் நிற்கிற வால்விலிருந்து ஒலியை மட்டும் விட்டு, இருநூறு சொச்சம் வோல்ட்டைத் தடுத்து நிறுத்த வேண்டிய கண்டென்சர் கசிகிறது. மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டென்சர், நம் ஊர் ஈரத்துக்கு எத்தனை வருடம் தாங்கும்?

கசிவு என்னவோ 23 மைக்ரோ அம்பியர்தான். ஆனால் 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அதுவே 11 வோல்ட் ஆகிவிடுகிறது. கிரிட் நேர்மின்னானால் வால்வு கடிவாளம் இல்லாத குதிரை. எலெக்ட்ரான் போய்ச் சேர்கிற, 25 வாட் தாங்கும் தகடு அதைத் தாண்டிச் சிவந்து எரியும், வழியில் இருக்கிற ரெசிஸ்டரும் கருகும். முன்பு பார்த்தவர்கள் கண்டென்சரை ஓம் மீட்டரில் சோதித்து “நல்லது” என்றிருப்பார்கள். மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட். கசிவு தெரிவது இருநூறில்.

630 வோல்ட் பிலிம் கண்டென்சர் இரண்டு போட்டேன், நன்றாயிருந்த இரண்டாவது வால்வின் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். கதோட்டு ரெசிஸ்டரோடு நிற்கிற எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றினேன். ரெசிஸ்டர் எரியும்போது அதுவும் அடி வாங்கியிருக்கும். அப்புறம் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஓன் செய்தேன். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காவிட்டால் உள்ளே எங்கோ சோர்ட். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பழைய குண்டு பல்ப் கிடைத்தால் எறியாதீர்கள்.

கை வைக்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் ஐந்து வாட் ரெசிஸ்டரால் வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே உள்ளே கை.

தலைவரிடம் இன்னொன்றும் கேட்டேன். போன திருவிழாவில் காற்றடித்து சவுக்கு மரத்தில் கட்டிய ஹோர்ன் வயர் அறுந்ததாம், பெட்டி மட்டும் பாடிக்கொண்டே இருந்ததாம். ஹோர்ன் என்கிற சுமையில்லாமல் ஓடும் வால்வு அம்பிளிபயரில் அவுட்புட் டிரான்ஸ்போமருக்குள்ளேயே பொறி பறக்கும்; அது போனால் காயில் சுற்றுகிற ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். ஒரு முன்னெச்சரிக்கையாக அவுட்புட்டின் குறுக்கே பெரிய ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினேன்.

“இதுவும் எரியுமா தம்பி?” என்றார்.

“எரிஞ்சா இங்க வராதீங்க தலைவரே, மொதல்ல மரத்துல வயரப் பாருங்க.”