தெர்மல் மாஸ்: வெப்பத் திணிவு

மின்சாரச் செலவு குறைந்த அலுவலகம் ஒன்றை நாட்டுப்புறத்தில் கட்டத் திட்டமிடுகிறவர்கள் ‘தெர்மல் மாஸ்’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. சுவரும் தரையும் கூரைத் தளமும் வெப்பத்தை உள்வாங்கி, தேக்கி, பல மணி நேரம் கழித்து மெல்ல வெளியே விடும் தன்மையையே அது குறிக்கிறது. அத்தன்மை உடைய கட்டுமானப் பகுதியையும் அதே சொல்லால் சுட்டுவார்கள். இதற்கு ‘வெப்பத் திணிவு’ என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல்.

‘தெர்மல்’ என்பது வெப்பத்தைக் குறிக்கும் ‘தெர்மே’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ‘மாஸ்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் ‘மாஸா’ என்றால் வாற்கோதுமை மாவில் செய்த அப்பம். லத்தீனில் அது ‘மஸ்ஸா’ ஆகி, பிசைந்த மாவு உருண்டையையும் எந்தப் பொருளின் கட்டியையும் குறித்தது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. 1687இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் தந்த முதல் வரையறையே இதைப் பற்றியதுதான்: ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, அதன் அடர்த்தியும் பருமனும் சேர்ந்து அமைவது. ஆக, செறிந்து இறுகியிருத்தல் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

தமிழில் இதே கருத்தைச் சுமப்பது ‘திணி’ என்ற வினை. துணியைப் பைக்குள் திணித்தான் என்பது பிறவினை. அதிலிருந்து வருவது திணிப்பு. தானாகச் செறிந்து இறுகுவது தன்வினை. அது திணிந்தது என்று வரும், பெயராகும்போது திணிவு. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ‘மண் திணிந்த நிலனும்’ என்றே தொடங்குகிறது. வலிந்து புகுத்துதல் என்ற வாடை திணிப்புக்கு உண்டு, திணிவுக்கு இல்லை.

‘வெப்ப நிறை’ என்று எழுதினால் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாஸ் என்பது நிறை. இலங்கைப் பாடநூல்களில் அதுவே திணிவு. அங்கே நிறை என்றால் புவியீர்ப்பால் வரும் எடை. அதனால் ‘வெப்ப நிறை’ அங்குள்ள மாணவருக்கு ‘வெப்ப எடை’ என்றுதான் படும். ‘வெப்பத் திணிவு’க்கு இந்தக் குழப்பம் இல்லை. ‘வெப்ப ஏற்புத்திறன்’ என்று சொல்லலாமே என்றால், அது ஏற்கெனவே இயற்பியலில், ஒரு பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம் என்ற வேறொரு கணியத்தின் பெயராக நிலைத்துவிட்டது; அதை அப்படியே விட்டுவிடலாம்.

பொருளளவிலும் திணிவே சரி. ஒரு கிலோ செங்கல்லையும் ஒரு கிலோ கண்ணாடி இழைப் பஞ்சையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம், சுமார் 0.84 கிலோஜூல், போதும். கனமீட்டர் கணக்கில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஒரு கனமீட்டர் செங்கல் 1,700 கிலோ அளவில் இருக்கும்; அதை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 1,400 கிலோஜூல் வேண்டும். 25 கிலோ எடையுள்ள ஒரு கனமீட்டர் பஞ்சுக்கு 21 போதும். கான்கிரீட்டுக்கு 2,100, தண்ணீருக்கு 4,180. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கிறது, செங்கல் வெப்பத்தைத் தேக்குகிறது. முன்னது வெப்பக் காப்பு, பின்னது வெப்பத் திணிவு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கட்டிடம் வரைகிறவர்கள் உண்டு. அந்தப் பிழைக்கு விலை அதிகம்.

நாட்டுப்புற அலுவலகத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? அலுவலகம் பகலில் சூடாகிறது, இரவில் ஆள் இல்லாமல் கிடக்கிறது. நகரத்தைவிட நாட்டுப்புறத்தில் இரவு நன்றாகக் குளிரும். இரைச்சலும் புகையும் குறைவு என்பதால் காற்றுவழிகளை விடியும்வரை திறந்துவைக்கலாம். பகலெல்லாம் ஆட்களும் கணினிகளும் வெளியிட்ட வெப்பத்தை கான்கிரீட் தளம் வாங்கி வைத்திருக்கும். இரவுக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். 500 சதுரமீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்தை மட்டும் கணக்கிட்டால், மூன்று டிகிரி ஏற்றத்தில் அது சுமார் 87 கிலோவாட் மணி வெப்பத்தை உள்வாங்கும். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் வெளியிடுவது ஏறத்தாழ 100 வாட். 40 பேர் 8 மணி நேரம் இருந்தாலும் 32 கிலோவாட் மணிதான்.

பத்து சென்டிமீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளின் ஏற்ற இறக்கம் கான்கிரீட்டுக்குள் ஏறத்தாழ அவ்வளவு ஆழம்தான் பயனுள்ள அளவில் இறங்கும். அரை மீட்டர் தடிமனில் தளம் போடுவது வீண்.

தளம் காற்றைத் தொட வேண்டும் என்பதும் முக்கியம். பொய்க்கூரை போட்டு மூடினால் மேலே உள்ள திணிவு பெரும்பாலும் பயனற்றுப் போகும். கம்பளம் விரித்தால் கீழே உள்ளதும் அப்படியே. வெறும் கான்கிரீட்டில் எதிரொலி வரும் என்பது உண்மைதான். அதற்கு ஒலி உறிஞ்சும் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் போதும். வெப்பக் காப்பு திணிவின் வெளிப்புறத்தில் வர வேண்டும், உட்புறத்தில் அல்ல. அமெரிக்காவில் கொலராடோவின் கோல்டன் நகரில் 2010இல் திறக்கப்பட்ட, அப்போது தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்று பெயர் பெற்றிருந்த ஆய்வகத்தின் அலுவலகக் கட்டிடத்தில், சுவர்ப் பலகைகளின் நடுவே காப்பு வைத்து, தடித்த கான்கிரீட் பக்கத்தை அறையை நோக்கி விட்டிருக்கிறார்கள்.

கான்கிரீட்தான் வேண்டும் என்பதில்லை. இடித்து இறுக்கிய மண்சுவர் கனமீட்டருக்கு 2,000 கிலோ அளவுக்கு வரும். சிமெண்ட் உற்பத்தியின் கரியமில வாயுவும் பெருமளவு மிச்சம். மண் திணிந்த சுவர் என்று அதைச் சொல்லலாம், சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

இரவும் பகலும் ஒரே புழுக்கமாக இருக்கும் இடங்களில் மட்டும் இந்த முறை கைகொடுக்காது. தேங்கிய வெப்பம் வெளியேற வழியில்லாததால் காலையில் அறை வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே நல்ல நிழலும் இடைவிடாத காற்றோட்டமும் உள்ள, திணிவு குறைந்த கட்டிடமே ஏற்றது.