மத்திய அரசு டெண்டரில் பெண்களுக்கு 3 சதவீதம்: யாருக்குக் கிடைக்கும்?

திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். மாதிரியான இடங்களுக்குச் சரக்கு கொடுக்க நினைக்கும் பெண்கள் பலர், "பெண் உரிமையாளர் சான்றிதழ் எந்த ஆபீஸில் வாங்குவது?" என்று கேட்கிறார்கள். அப்படித் தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுதான் அடிப்படை. ஆதாரும் பான் எண்ணும் வைத்து இணையத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல.

தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்களிடம் இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் அதே 51 தான். கூட்டு ஒப்பந்தப் பத்திரம், பங்குதாரர் பட்டியல் இரண்டையும் எடுத்து வையுங்கள், டெண்டரில் கேட்பார்கள். அமெரிக்காவில் 51 சதவீதம் மட்டும் போதாது, அன்றாட நிர்வாகமும் அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். நம் விதி பங்கோடு நின்றுவிடுகிறது. மனைவி பெயரில் பலகை மாட்டிவிட்டுக் கணவர் கடை நடத்துவதற்கு இதுவே வசதி. என்னைக் கேட்டால் அந்த நிபந்தனை இங்கேயும் வேண்டும்.

சரி, பலன் என்ன? குறு, சிறு நிறுவனங்களிடம் அரசு பொருள் வாங்குவது பற்றிய 2012 கொள்முதல் ஆணையை 2018இல் திருத்தினார்கள். அதன்படி மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். பெண்களுக்கான 3 சதவீதம் அந்த 25க்குள்ளேயே அடக்கம்.

கையுறை டெண்டர் ஒன்றில் ஒரு பெரிய கம்பெனி ஜோடி 100 ரூபாய் என்று குறைந்த விலை போட்டிருக்கிறது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100க்கு இறங்கி வரச் சம்மதித்தால் மொத்த ஆர்டரில் குறைந்தது 25 சதவீதம் உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குப் போகும். 100க்குக் கட்டுபடியாகுமா என்பதை விலை போடும்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

உடனே கையில் தெரியும் லாபம் இ.எம்.டி., அதாவது டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகை, அதிலிருந்து விலக்குதான். வழக்கமாக டெண்டர் மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் கட்டச் சொல்வார்கள். 50 லட்ச ரூபாய் டெண்டருக்கு ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் வரை முடங்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அது இல்லை. டெண்டர் படிவத்துக்கும் பணம் இல்லை.

ஆனால் இதெல்லாம் தாங்களே பொருள் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் மட்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யமில் பதியலாம் என்று 2021இல் அனுமதித்தார்கள். அது வங்கிக் கடனுக்காக மட்டுமே, டெண்டர் சலுகை அதில் வராது. கட்டட வேலை ஒப்பந்தங்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்த ஆணை பொருந்தாது. மாநில அரசு டெண்டர் என்றால் விதிகளே வேறு, அந்த டெண்டர் அறிவிப்பைத்தான் படிக்க வேண்டும்.